ஞானஸ்நானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளும், ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பெரியவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. நான் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) வளர்ந்தவன். பதில்களில் அந்த வாடை அடிக்கத்தான் செய்யும். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேக்காரரும் வேறு விதமாகச் சொல்லும் இடங்களில் அவர்கள் தரப்பையும் சேர்த்திருக்கிறேன்.

மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அதை எப்படி என் ஞானஸ்நானம் என்று சொல்வது?

உங்கள் பெயரை வைத்தபோதும் உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறீர்கள்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு யோர்தானில் இறங்கி ஏறுகிறார். அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ ஒரு நோயாளியைத் தொட்டதாகவோ மாற்கு எழுதவில்லை. அப்போதே வானத்திலிருந்து சத்தம் வருகிறது: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." ஊழியமெல்லாம் அதற்குப் பிறகுதான். குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கும் சபைகள் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. முதலில் "நீ என்னுடையவன்" என்கிற வார்த்தை, அதன் பிறகு அதற்கேற்ற வாழ்க்கை.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தமது பெரிய ஞானோபதேசத்தில் இதை அழுத்திச் சொல்கிறார். என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதம். பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று பதில் சொல்லச் சொல்கிறார். நினைவு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் வரவில்லை.

அப்படியானால் விசுவாசம் வேண்டாமா? தண்ணீர் பட்டால் போதுமா?

போதாது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் எந்தச் சபையும் அப்படிப் போதிப்பதில்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபையார் முன் வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து அதே வாக்கைத் தன் வாயால் சொல்வதற்குத்தான் நம்மிடம் திடப்படுத்தலும் கத்தோலிக்கரிடம் உறுதிபூசுதலும் இருக்கின்றன. கேட்டரிங்காரரிடம் பேசுவதற்கு இருக்கும் அக்கறையில் கால்வாசியை அந்த வாக்குறுதியை ஒருமுறை வாசிப்பதற்கும் காட்டலாம். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் பதில் சொல்லும் தகப்பன்மார் நிறையப் பேர்.

தெளிப்பு சரியா, முழுக்கு சரியா?

இதற்காக உறவே முறிந்த குடும்பங்கள் உண்டு. ஆரம்பகாலச் சபை இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமாக இருந்தது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற சிறு கையேடு சொல்வது இவ்வளவுதான்: ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, குளிர்ந்தது இல்லாவிட்டால் வெந்நீரில் கொடு, எதுவும் போதிய அளவு இல்லாவிட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று தரம் ஊற்று. வெந்நீர் வரைக்கும் யோசித்தவர்கள் முழுக்கா தெளிப்பா என்று யாரையும் நரகத்துக்கு அனுப்பவில்லை.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் அமிழ்த்துகின்றன. ஆகவே 'முழுக்கு என்றால் பெரியவர்களுக்கு, தெளிப்பு என்றால் குழந்தைகளுக்கு' என்ற கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, எழுந்திருப்பதை ரோமர் 6 சொல்வதுபோல் கண்முன் காட்டுவதற்கு முழுக்குதான் சிறந்த அடையாளம் என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவரைச் சாய்த்து எழுப்பும்போது கரையில் நிற்பவர்களுக்குத் தனியாக விளக்கவுரை தேவைப்படாது. அதற்காக, அடையாளம் பெரிதாக இருந்தால்தான் கிருபை முழுதாக வரும் என்று ஆகிவிடாது.

பெந்தெகொஸ்தே சபையில் "அது ஞானஸ்நானமே இல்லை, திரும்ப எடுக்க வேண்டும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

முதலில் அவர்கள் பக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 'மறு ஞானஸ்நானம்' என்ற பேச்சையே அவர்கள் ஏற்பதில்லை. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்று மாற்கு 16:16 சொல்கிறது. விசுவாசம் முன்னே, தண்ணீர் பின்னே. விசுவாசிக்கத் தெரியாத குழந்தைக்குச் செய்தது வெறும் சடங்கு, ஆகவே இப்போது எடுப்பதுதான் முதல் ஞானஸ்நானம் என்பது அவர்கள் நிலை. அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்தில் ஏறக்குறையப் பன்னிரண்டு பேருக்குப் பவுல் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்ததையும் காட்டுவார்கள். புதிய ஏற்பாட்டில் ஒரு கைக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாக வெளிப்படையாக எழுதப்பட்ட வசனம் இல்லை என்பதும் உண்மை. பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் "அவனுடையவர்களனைவரும்" பெற்றார்கள் என்றுதான் இருக்கிறது. அந்த 'அனைவரில்' தொட்டில் பிள்ளை இருந்ததா என்று அவரவர் விருப்பப்படி ஊகிக்கிறோம்.

ஆனாலும் எபேசுக்காரர்கள் அதற்கு முன் பெற்றிருந்தது யோவானுடைய ஞானஸ்நானம். இயேசுவின் நாமத்தில் ஏற்கெனவே பெற்ற ஒருவருக்குத் திரும்பக் கொடுத்ததற்கு அந்த அதிகாரம் ஆதாரமாகாது.

இந்தச் சண்டைக்கு வயது ஆயிரத்து எழுநூறுக்கு மேல். 256ஆம் ஆண்டை ஒட்டி, பிரிந்துபோன குழுக்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரும்பி வந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார் கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான். வேண்டாம், ஏற்றுக்கொண்டு கைவைத்தால் போதும் என்றார் ரோமாபுரியின் பேராயர் ஸ்தேவான். மேற்கத்திய சபையில் கடைசியில் ஸ்தேவான் சொன்னதே நிலைத்தது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் உருவான விசுவாசப் பிரமாணத்தில் "ஒரே ஞானஸ்நானம்" என்று நாம் இன்றும் அறிக்கையிடுகிறோம். 1982இல் பெரு நாட்டின் லீமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாச ஒழுங்குக் குழு ஏற்ற உடன்பாட்டு ஆவணமும், ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாத செயல், மறு ஞானஸ்நானம் என்று எண்ணத்தக்க எதையும் தவிர்க்க வேண்டும் என்கிறது.

எதிர்த்தரப்பு கொடுத்த விலையும் லேசானதல்ல. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம் 'குழந்தையில் பெற்றது செல்லாது' என்று பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றது. (தலையில் தண்ணீர் ஊற்றித்தான் பெற்றார்கள், முழுகி அல்ல. இன்றைய வாதத்தில் இதை யாரும் சொல்வதில்லை.) இரண்டே ஆண்டில் அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை, 'தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர்' என்பதுபோல, லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களே. ஆகவே யாரையும் 'மறு ஞானஸ்நானக்காரன்' என்று ஏளனம் செய்யும் தகுதி நமக்கில்லை.

என் கருத்து? எடுக்க வேண்டாம். அன்று தேவன் கொடுத்த வாக்கு பலிக்கவில்லை என்று நீங்களே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடும். இப்போது உள்ளத்தில் எழும்பியிருக்கும் தாகம் மெய்யானது. அதைச் சபையார் முன் சாட்சியாகச் சொல்லுங்கள். வாக்குறுதியைப் புதுப்பிக்கும் ஆராதனை நடத்தச் சொல்லி உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே வெளியே போய் முழுக்கு எடுத்துவிட்டேன். இனி சி.எஸ்.ஐ.யில் நான் யார்?

முன்பு யாராக இருந்தீர்களோ அவரே. சில இடங்களில் திருவிருந்திலிருந்து கொஞ்ச காலம் விலக்கி வைப்பார்கள், சில இடங்களில் ஆயர் கூப்பிட்டுப் பேசுவதோடு முடிந்துவிடும். நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. உங்கள் பெரியம்மா சொல்லித் தெரிவதைவிட அது மேல்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பிறகு பண விவகாரத்தில் சிக்கிப் பதவியிழந்தார். அது செல்லுமா?

செல்லும். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதே கேள்வியில் சபை இரண்டாக உடைந்தது. உபத்திரவ காலத்தில் வேதப் புத்தகங்களைப் பகைவரிடம் ஒப்படைத்தவர்களும் அவர்களோடு கைகோத்தவர்களும் செய்த திருப்பணி செல்லாது என்றார்கள் தொனாத்து கட்சியினர். அந்தப் பகுதிப் பேராயர் அகுஸ்தீன் சொன்ன பதில்: பேதுரு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து, யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து. பவுலும் கொரிந்தியரைப் பார்த்து, "பவுலின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றீர்களா?" என்று கேட்டுவிட்டு, கிறிஸ்புவுக்கும் காயுவுக்குமே தவிர உங்களில் வேறொருவருக்கும் நான் கொடுக்காததற்காக ஸ்தோத்திரம் என்கிறார். பிறகு ஸ்தேவான் வீட்டாரின் ஞாபகம் வந்து அவர்களையும் சேர்த்துக்கொள்கிறார். 'நான் இன்ன தேவமனிதர் கையால் எடுத்தவன்' என்று பெருமை பேசும் நம் ஊர் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கத்தோலிக்கப் பையனைக் கல்யாணம் செய்யப் போகிறேன். அவர்கள் என் ஞானஸ்நானத்தை ஏற்பார்களா?

தண்ணீராலும் மூவொரு தேவனின் நாமத்தாலும் பெற்றிருந்தால் ஏற்பார்கள். சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடி கொடுப்பதில்லை. பங்குத்தந்தை சான்றிதழ் கேட்பார், கொடுங்கள். ஞானஸ்நானம் பெற்ற வேற்றுச் சபையாரை மணப்பதற்கு ஒருவித அனுமதியும், பெறாதவரை மணப்பதற்கு வேறுவித விலக்கும் அவர்கள் சட்டத்தில் இருப்பதால் அந்தத் தாள் அவர்களுக்கு முக்கியம். பையனின் திருமணம் அவருடைய சொந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படும்.

சிக்கல் வருவது வேறு இடங்களில். "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபைகளின் ஞானஸ்நானத்தையும், யெகோவா சாட்சிகள், மோர்மோன் சபை ஆகியவற்றின் ஞானஸ்நானத்தையும் கத்தோலிக்கர் ஏற்பதில்லை. சொல்லும் வாசகத்தில் அவர்கள் கறார். "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பதை "நாங்கள்" என்று மாற்றிச் சொன்னால் செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு குருவானவர் தன் குழந்தைப் பருவ வீடியோவைப் பார்த்து, தனக்கு அப்படித்தான் கொடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார். அதனால் அவர் பெற்ற குருப்பட்டமும் செல்லாமல் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டியதாயிற்று. கொடுப்பவர் யாராயினும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீன் சொன்னதை வைத்தே அவர்கள் இந்த முடிவுக்கும் வந்தார்கள் என்பது வேடிக்கை.

ஞானஸ்நானம் எடுத்தால் பெயரை மாற்ற வேண்டுமா?

கட்டாயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் 'கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முருகனும் லட்சுமியும் அதற்குள் வருமா என்பது அவரவர் பங்குத்தந்தையைப் பொறுத்தது.

நம் பக்கத்து வரலாற்றில் இரண்டு வழியும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றபோது லாசருவின் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். ஏழு ஆண்டுகளுக்குள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம் பெற்றார். வேறு வழியில் போனவர் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஹென்றி ஆல்பிரெட் முன்னால் ஒட்டிக்கொண்டதே தவிர கிருஷ்ணன் கடைசிவரை இருந்தார். அவர் பாட்டைப் பாடும்போது யாரும் பெயரைக் கண்டு முகம் சுளிப்பதில்லை.

தேவசகாயம் விஷயத்தில் இன்னொன்று. முதலில் ரோமாபுரி அறிவிப்புகளில் 'தேவசகாயம் பிள்ளை' என்றே இருந்தது. சாதிப் பெயரை ஒரு புனிதரோடு சேர்க்கக் கூடாது என்று இங்கிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகு 'பிள்ளை' நீக்கப்பட்டது. ஞானஸ்நானத்தில் போயிருக்க வேண்டிய ஒட்டு, போய்ச்சேர 270 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

ஞானஸ்நானம் பெற்றால் சாதி போய்விடும் என்கிறார்களே, நம் சபைகளில் போனதா?

வேதம் சொல்வதில் சந்தேகமில்லை. "உங்களில் கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ, அத்தனைபேரும் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே" என்று கலாத்தியர் 3:27 சொல்லிவிட்டு, உடனே அடுத்த வசனத்தில் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்கிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1707 மே மாதம் கொடுத்த முதல் ஞானஸ்நானம் டேனியர் வீடுகளில் இருந்த ஐந்து அடிமைகளுக்குத்தான். ஐரோப்பிய எசமானும் அவன் வீட்டு அடிமையும் ஒரே கர்த்தருடைய பந்தியில் என்பதை அந்தச் சிறு ஊர் கண்ணால் பார்த்தது.

தண்ணீர் பட்ட இடத்தில் சாதி எப்படி எதிர்த்து நின்றது என்பதற்கு இன்னும் கூர்மையான சாட்சி கத்தோலிக்க வரலாற்றில் இருக்கிறது. பழைய ரோமச் சடங்கில் குரு தன் எச்சிலால் ஞானஸ்நானம் பெறுபவரின் காதையும் மூக்கையும் தொடுவார், முகத்தில் ஊதுவார். செவிடனை இயேசு குணமாக்கியதை நினைவூட்டுவது அது. நம் நாட்டில் எச்சில் என்றால் என்ன என்று தெரியும். மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். 1703இல் பாண்டிச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704இல், எச்சிலையும் ஊதுவதையும் விடக் கூடாது என்று ஆணையிட்டார். பல பத்தாண்டுகள் ரோமுக்கும் தமிழகத்துக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. ஒரு துளி எச்சில்! உயர்சாதிக்காரர் ஞானஸ்நானத்தின் எல்லாவற்றையும் ஏற்கத் தயார், வேறொரு உடம்பிலிருந்து வருவதைத் தவிர.

வடக்கன்குளத்துக்குத் திரும்புவோம், தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். 1872இல் அங்கே எழுந்த திருக்குடும்பக் கோயில், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்து போகும் கட்டடம். ஒரு கிளையில் வேளாளர், மறு கிளையில் நாடார். 1910இல் தடுப்புகள் இடிக்கப்பட்டபோது அடிதடியும் வழக்கும் வந்தன. சீர்திருத்த சபைகளும் இதில் பின்தங்கவில்லை: 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர் செத்த பிறகும் விடாத சாதிக்குச் சாட்சியாக நின்றது.

எனவே பதில்: ஞானஸ்நானம் சாதியை ரத்துசெய்கிறது, சபை அதைத் திரும்ப எழுதிக்கொள்கிறது. கலாத்தியர் 3ஐ வாசித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது உட்பிரிவு கேட்பவர்கள் இங்கே பெரும்பான்மை. திருமண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், எத்தனை ஜோடி சாதி கடந்தது என்று தெரியும்.

ஞானஸ்நானம் எடுத்தால் சட்டப்படி என்ன மாறும்? எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்கள், சீக்கியர்கள் (1956 முதல்), பௌத்தர்கள் (1990 முதல்) மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறியவருக்கு அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதை மாற்றி தலித் கிறிஸ்தவர்களுக்கும் தகுதி தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது.

ஞானஸ்நானப் பதிவேடு நீதிமன்றத்தில் எவ்வளவு கனக்கும் என்பதற்கு 2024 நவம்பர் 26 தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். வில்லியனூர் மாதா கோயிலில் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். குடும்பம் கோயிலுக்கும் போய்வந்தது. இந்து மதத்துக்குத் திரும்பியதற்கு ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. முதல் கேள்வியில் வந்த அதே நினைவில்லாத ஞானஸ்நானம்தான். இறையியலுக்கு மட்டுமல்ல, வருவாய்த் துறைக்கும் அது செல்லுபடியாகிறது.

தண்ணீரோடு சாதி போய்விட்டது என்று அரசு எடுத்துக்கொள்கிறது. போகவில்லை என்பதற்கு நம் கல்லறைச் சுவரே சாட்சி. இரண்டு பக்கமும் இழப்பவர் ஒருவரே. இதனால் சனிக்கிழமை ஒரு பெயரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயருமாக வாழ்பவர்களைச் சபையார் 'இரட்டை வேடம்' என்று ஏசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் நிலைக்குரிய சட்ட விவரத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயேசுவை விசுவாசிக்கிறேன். வீட்டில் தெரிந்தால் பெரிய பிரச்சினையாகும். ஞானஸ்நானம் பெறாமல் நான் கிறிஸ்தவளா?

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அவனுக்குத்தான் பரதீசு வாக்களிக்கப்பட்டது. ரோமப் பேரரசர் இரண்டாம் வாலெந்தினியன் 392இல் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த நிலையில் இறந்தபோது, மிலான் பேராயர் அம்புரோஸ் அவருடைய சகோதரிகளிடம், அவர் கேட்டதால் பெற்றுக்கொண்டார் என்று ஆறுதல் சொன்னார். பெற வாய்ப்பில்லாமல் போனவரைத் தேவன் தள்ளுவதில்லை என்பதில் பெரும்பாலான சபைகளுக்கு ஒரே கருத்துதான்.

ஆனால் உங்கள் கேள்வி இரட்சிப்பை மட்டும் பற்றியதல்ல, சேர்ந்திருப்பதைப் பற்றியது என்று நினைக்கிறேன். கடந்த நூற்றாண்டில் நம் நாட்டிலேயே இது பெரிய விவாதமாக நடந்தது. இந்தியாவில் ஞானஸ்நானம் ஒரு சமுதாயத்தை விட்டு இன்னொரு சமுதாயத்துக்குத் தாவுவதாக ஆகிவிட்டது. கிறிஸ்துவை மையமாகக் கொண்டவர்கள் தங்கள் சமுதாயத்துக்குள்ளேயே இருக்க வழி வேண்டும் என்றார் கேரளத்து இறையியலாளர் எம்.எம். தாமஸ். பிறர் கண்ணால் காணக்கூடிய ஒரு கூட்டத்தோடு சேராமல் கிறிஸ்துவோடு மட்டும் சேர முடியாது என்றார் மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின். எனக்கு நியூபிகின் சொல்வதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் அவர் சொன்ன அந்தக் கூட்டம் வருகிறவரைத் தாங்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் ஞானஸ்நானம் பெற்றதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி முதலூர் என்று ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படும் பாஸ்டரிடம், "வீட்டைவிட்டுத் துரத்தினால் எங்கே தங்குவேன்?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். இல்லாவிட்டால் காத்திருப்பதில் பாவமில்லை. பேரரசர் கான்ஸ்டான்டீனே 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார், அவருக்குத் துரத்துவார் யாரும் இல்லாதபோதும்.

சபை என்னைத் தகுதியில்லாதவள் என்று மறுத்தால்?

பாளையங்கோட்டை கிளாரிந்தாவின் கதையைக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி மறுத்தவர் வேறு யாருமல்ல, மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர்தான். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் அதே ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் அந்தச் சபையின் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அவர் கட்டிய கோயிலை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். மறுக்கப்பட்ட காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை, அக்கம்பக்கத்தாருக்கு வேதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழந்தை ஞானஸ்நானம் பெறாமலே இறந்துவிட்டது.

உங்கள் பிள்ளை தேவனுடைய கையில் இருக்கிறது. இதற்கு மாறாக யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நரகத்தின் விளிம்பில் ஓர் இடம் என்று பழைய கத்தோலிக்கப் போதனையில் பேசப்பட்டது உண்டு. அது ஒருபோதும் கட்டாய விசுவாசமாக இருந்ததில்லை, 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையமே இப்படிப்பட்ட குழந்தைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் உண்டு என்று எழுதியது. அடக்க ஆராதனை கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேளுங்கள். ஞானஸ்நானம் பெறவில்லை என்று யாராவது இழுத்தால், ஆயரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

ஞானப்பெற்றோராக யாரை வைக்கலாம்?

கத்தோலிக்கரில் பதினாறு வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும். ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். வேற்றுச் சபையாரைச் சாட்சியாக மட்டும் வைக்கலாம். நம்மிடையே தாய்மாமனைத் தவிர வேறு யாரையும் யோசிப்பதில்லை, அவரும் சங்கிலி போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார். பிள்ளைக்குப் பதினைந்து வயதில் விசுவாசம் தள்ளாடும்போது அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். துபாயில் இருக்கிற வசதியான சித்தப்பாவைவிடப் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற டீச்சர் மேல்.

ஞானஸ்நானச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

சான்றிதழ் நகல்தான், அசல் கோயில் பதிவேட்டில் இருக்கிறது. எந்தக் கோயில், எந்த ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு சேகர அலுவலகத்துக்கோ பங்கு அலுவலகத்துக்கோ போங்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பது சகஜம். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்துச் சொன்னால் தேடுவது எளிது. பழைய பேரேடுகளில் பக்கம் கிழிந்தோ கரையான் அரித்தோ இருந்தால், கத்தோலிக்கச் சட்டப்படி நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். பெரியவராகப் பெற்றவர் என்றால் அவர் தாமே சத்தியம் செய்தாலும் ஏற்பார்கள். சி.எஸ்.ஐ.யில் சேகரத் தலைவரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள், ஞானப்பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தால் கையோடு கூட்டிப்போங்கள்.